தலை வாரக் கை எழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாவட்டப் பள்ளிகளின் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) போட்டி முடிந்த மறுநாள் காலை, என் பேத்தி சீப்பை அவள் அம்மாவிடம் நீட்டி, "நீங்களே பின்னி விடுங்கம்மா" என்றாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. வயது பதினான்கு. மூன்று நாளில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் அவளே பந்து வீசியிருக்கிறாள். அணியில் வேறு ஆள் இல்லையாம்.

எனக்கு உடனே சார்லஸ் ராட்போர்ன் ஞாபகம் வந்தது. பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களைப் பற்றித் தேடிப் படிப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். இவர் அமெரிக்காவின் புளூமிங்டனில் வளர்ந்த கசாப்புக்காரர் மகன். 1884-இல் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் இன்னொரு வீச்சாளர் ஸ்வீனி ஜூலை மாதம் வெளியேறிவிட, மிச்ச ஆட்டங்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் முன்வந்தார். அந்த ஆண்டு அவர் தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே கடைசிவரை வீசி முடித்தார். மொத்தம் 678 இன்னிங்ஸுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) மேல். இன்றைய வீச்சாளருக்கு ஒரு சீசனில் 200 என்பதே பெரிய காரியம். 59 வெற்றி (சிலர் கணக்கில் 60), லீக் பட்டம், எல்லாம் கிடைத்தது. ஆனால் காலையில் தலைவாரக்கூட அவரால் கையைத் தூக்க முடியவில்லை என்று சொல்வார்கள். பிறகு 1891 வரை ஆடினார். அந்த உயரத்தை மறுபடி எட்டவே இல்லை.

அவருக்கு அப்போது 29 வயது. சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. கூடுதல் சம்பளம் கேட்டார். சீசன் முடிந்ததும் வேறு அணிக்குப் போகவிடாமல் அணி தன்னைக் கட்டிவைக்கக் கூடாது என்றும் பேசி வாங்கினார். என் பேத்திக்கு அப்படிக் கேட்கத் தெரியுமா? "வலிக்குது சார்" என்று இரண்டாம் நாளே சொல்லியிருக்கிறாள். தைலம் தேய்த்துக்கொள், கீழே இருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று பதில் வந்ததாம். கை முழு வட்டம் சுற்றித்தானே பந்து போகிறது? அதே தோள்தானே?

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். செம்பனைக் குலை அறுத்தே தோள் போனவர்களுக்கு நானே சம்பளக் கணக்கு எழுதியிருக்கிறேன். அதனால்தான் மனசு கேட்கவில்லை.

ஒவ்வொரு அணியும் குறைந்தது இரண்டு வீச்சாளர்களைத் தயார் செய்யட்டும். யார் எத்தனை பந்து வீசினார் என்பதையும் ஆட்டத் தாளில் எழுதட்டும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே பெற்றோர்கள் பள்ளியில் இதைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட்