பஞ்சத்தில் பிறந்த பிரிவினை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிவினைக் கோரிக்கையை அந்நியச் சதியாகவே காணும் தங்கள் தலையங்கம் மிசோரமை மறந்துவிட்டது. மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சலைத் தின்று தீர்த்த 1959-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அப்பகுதியை அப்போது ஆண்ட அசாம் அரசு மெத்தனம் காட்டியதால், நிவாரணப் பணிக்கென்று தோன்றிய அமைப்பே மிசோ தேசிய முன்னணியாக உருமாறி, 1966-இல் தனிநாடு அறிவித்தது. இந்திய அரசோ அங்குள்ள முக்கிய நகரான அய்சால் மீது விமானத் தாக்குதல் நடத்தி, பல ஊர்களைக் காலிசெய்து மக்களைக் காவலுக்குள் குடியமர்த்தியது. அப்படியும் அடங்காத கிளர்ச்சி, 1986 உடன்பாட்டால்தான் ஓய்ந்தது. முன்னணியின் தலைவர் லால்தெங்காவே முதலமைச்சரானார். திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதற்கும் பிரிவினைப் பேச்சைத் தடுக்க வழிசெய்த 1963-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்திருத்தம் மட்டுமே காரணமன்று; தேர்தலில் வென்று ஆளும் வழி திறந்திருந்ததும் காரணம் என்பதை, நெல்லையில் அக்கால மேடைப் பேச்சுகளைக் கேட்ட பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை