இம்பாலாவுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டோங்காட்டில் ஒரு லாரி ஷெட்டுக்குள் நாலு வருஷமாகத் துண்டு துண்டாகக் கிடந்த விமானம் போன மாதம் தன் மூன்று சக்கரத்தில் நின்றது. பாதிப் பேருக்கு அன்றைக்கே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்குத்தான் இந்த மடல். தமிழில் எழுதக் காரணம் தாம்பரத்து ஐயா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இங்கே உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அவர்களுக்கு என் மகள் படித்துக் காட்டுவாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இம்பாலா என்று இங்கே பெயர் பெற்றது இத்தாலியின் ஏர்மாக்கி எம்.பி.326. அங்கே 1957இல் முதலில் பறந்தது. உரிமம் வாங்கி ஜோஹனஸ்பர்க்கை அடுத்த கெம்ப்டன் பார்க்கில் அட்லஸ் நிறுவனம் 1966 முதல் கட்டியது. இரட்டை இருக்கை 151, ஒற்றை இருக்கை 100. 2005இல் தென்னாப்பிரிக்க விமானப்படை அவற்றை ஓய்வில் அனுப்பியது. எங்களுடையது இரட்டை இருக்கை, பயிற்சி விமானம்.

நான் கரும்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். 1970களில் பள்ளி முடித்தபோது விமானி ஆக வேண்டும் என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "கடற்படையில் இந்தியர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள், வேண்டுமானால் அங்கே கேள்" என்றார். விமானி இருக்கை அப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நான் ஆலைக்குப் போய்விட்டேன்.

முதல் நன்றி ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் விமானத்தைப் பண்ணை வாசலில் நிறுத்தி வைத்திருந்த பெரியவருக்கு. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பெரியவர்களை 'ஊம்' என்பார்கள். என் மனைவி காதில் அது 'ஓம்' என்றே விழும், கும்பிடாத குறை. நாங்கள் பதினொரு பேர் சீட்டுப் பணத்தைச் சேர்த்துக்கொண்டு போனோம். ஒரு நல்ல பக்கி (பிக்கப் வண்டி) வாங்கும் விலை கேட்டார். பேரம் பேசி முடிந்ததும், கொட்டகையில் வைத்திருந்த இறக்கை நுனி எரிபொருள் தொட்டிகள் இரண்டையும் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அவை இல்லாவிட்டால் இம்பாலாவுக்கு முகமே இல்லை.

முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போன வண்டிக்காரரைப் பற்றி இங்கே பேச வேண்டாம். கரும்பு ஏற்றும் ட்ரெய்லர் ஓட்டுகிற தம்பிதான் லோ-பெட் எனும் தாழ்வான ட்ரெய்லர் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். இறக்கை, வால் எல்லாம் கழற்றியும் சுமை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. வான் ரீனன் கணவாயில் எதிரே பத்தடி தெரியாத மூடுபனி. மூன்று மணி நேரம் ஓரமாக நிறுத்தினான். அவசரப்படுத்திய என்னை ஒரே ஒரு முறைதான் திட்டினான். அதற்கும் சேர்த்து நன்றி தம்பி.

இப்போது தாம்பரத்து ஐயா. இந்திய விமானப்படையில் கிரண் பயிற்சி விமானங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர், என் சம்பந்தி வழியில் கிடைத்தவர். கிரணின் ஆரம்ப வகையிலும் இம்பாலாவிலும் இருப்பது வைப்பர் குடும்பத்து எஞ்சின். ஜிண்டிவிக் என்ற ஆளில்லா இலக்கு விமானத்துக்காக, கொஞ்ச மணி நேரம் ஓடினால் போதும் என்று பிறந்த எஞ்சின் அது. அப்புறம் எத்தனை நாட்டு மாணவர்களைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது!

வாட்ஸாப்பில் நான் அனுப்பிய முதல் படத்துக்கு அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. "தம்பி, எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். சீட்டுல யாரும் உட்கார்ந்துடாதீங்க. கீழே வெடி இருக்கா இல்லையான்னு எழுத்துல வாங்கினீங்களா?" ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் வெடியைத்தான் சொன்னார். நாங்கள் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. பண்ணையில் பேரப்பிள்ளைகள் வருஷக்கணக்காக ஏறி விளையாடிய இருக்கை என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. பிரிட்டோரியா பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆயுதத் தொழில்நுட்பர் ஒருவர் தன் செலவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு இருக்கைகளிலும் அந்த வெடித் தோட்டாக்கள் முன்பே அகற்றப்பட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவரை காக்பிட் பக்கம் யாரையும் விடவில்லை. அவருக்கு எங்கள் நன்றி, அவர் இரண்டு முறை கேட்டுச் சாப்பிட்ட பீன்ஸ் கறிக்காக என் அண்ணிக்கும் நன்றி.

எஞ்சினுக்குள் குளவிக்கூடு. சுழலி இறுகிப் போயிருந்தது. கம்பி போட்டு நெம்பக் கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி எண்ணெய் விட்டு, ஆறு வாரம். ஒரு சனிக்கிழமை கையால் தள்ளியபோது அது சுற்றியது. உள்ளே சுழலி இதழ்கள் தட்டுப்பட்டு, வளையல் குலுங்குவது போல ஓர் ஓசை. போனை எஞ்சின் வாயில் பிடித்துக் கேட்க வைத்தேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சில்லை. எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாமே என்று இளவட்டங்கள் இன்னும் கேட்கிறார்கள். சுற்றிலும் வீடுகள், வேண்டாம்.

தகட்டு வேலையில் ஆலைக்காரர்கள் எல்லாரும் ஒரு கை போட்டோம். ஆனால் உண்மையில் வேலையை நிமிர்த்தியவர் டர்பனில் துணி ஆலையில் தைத்து ஓய்வு பெற்ற அக்காதான். கடற்காற்றில் எஃகு ஆணியும் அலுமினியமும் சேர்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அரித்த தகட்டை வெட்டி, புதுத் துண்டு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். நான் பென்சிலால் கோடு போட்டேன், ஐயா பதறினார்: பென்சில் கரி பட்டால் அந்தக் கோட்டிலேயே அலுமினியம் அரிக்குமாம். அக்கா தன் தையல் சாக்கட்டியை எடுத்து வந்து, நாடா பிடித்து, ஒரு ரிவெட்டுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் குறித்தார். "பட்டன் துளைதானே" என்றார். வாலுக்குள் எங்கள் கை நுழையவில்லை. அக்காவின் பேத்தி உள்ளே கைவிட்டு இரும்புக்கட்டியை அணைத்துப் பிடிக்க, வெளியே நான் அடித்தேன். காது அடைப்பான் இல்லாமல் அவளை ஒரு நாளும் உள்ளே விடவில்லை, அவள் அம்மா நம்பலாம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷெட்டுக்குள் முழங்கால் சேறு. அவரவர் வீடே மூழ்கிக் கிடந்த நேரத்தில், நாலு பிள்ளைகள் வந்து இறக்கைகளை ட்ரம்களின் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அதன் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. காக்பிட் கண்ணாடி மூடியை ஈரத் தாளால்தான் தேய்த்து மெருகேற்ற முடியும். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது இதற்கு எப்படிக் கேட்பது? கோயில் கூரை மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுத்த பூசாரிக்கு நன்றி. மின்வெட்டு நேரத்தில் கம்ப்ரஸருக்கு ஜெனரேட்டர் தந்த பேக்கரி மாமாவுக்கும்.

கடைசியாக, வாசலைத் தாண்டி உள்ளே வராத ஒருவருக்கு. அவருடைய அண்ணன் நிறவெறி அரசை எதிர்த்துப் போராடியவர்களின் அங்கோலா முகாமில் இருந்தவர். இம்பாலாக்கள் அந்தப் பக்கம் போய்க் குண்டு போட்டவை. ஆயுத பூஜைக்கு விமானத்துக்கு மாலை போடுவதாக இருந்தோம். "மாலை யாருக்கு?" என்று தெருவில் நின்றபடி கேட்டார். எங்களில் இரண்டு பேருக்குக் கோபம், எனக்கும்தான். இரவு முழுக்க யோசித்துவிட்டு, ஸ்பானருக்கும் ரிவெட் சுத்திக்கும் மட்டும் சந்தனம் வைத்தோம். விமானம் மாலையில்லாமல் நின்றது. இனிமேலும் அப்படித்தான் நிற்கும்.

போன சனிக்கிழமை அவர் உள்ளே வந்தார். விமானத்தைத் தொடவில்லை. பக்கத்தில் வைத்திருக்கும் விளக்கப் பலகையை முழுக்கப் படித்தார். 'எல்லைப் போரில் பயன்பட்டது' என்று, அன்றைய அரசு சொன்ன பெயரிலேயே எழுதியிருந்தோம். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து 'எல்லைப் போரில்' என்பதை அடித்துவிட்டு, 'அங்கோலாவிலும் நமீபியாவிலும்' என்று எழுதிவிட்டுப் போனார். அதுவே சரி. பலகையை மறுபடி எழுதக் கொடுத்திருக்கிறேன். பெயின்டர் தம்பி, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடப்பா, சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அன்புடன்,
ஆலை ஃபிட்டர், டோங்காட்