இடிந்ததை இடிந்ததாகவே விட்ட மாளிகை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்து கிராமப்புற மாளிகைகளில் தங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பழைய மாளிகை என்றால் நேற்றுத்தான் கிரகப்பிரவேசம் நடந்ததுபோல் பளபளக்க வேண்டும், அதுதான் நல்ல புதுப்பிப்பு என்கிற தொனி கட்டுரை முழுக்க ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப் பளபளப்புதான் வேண்டுமென்றால் புது ஓட்டலிலேயே தங்கிவிடலாமே, எதற்கு 500 வருஷத்துச் சுவரைத் தேடிப் போக வேண்டும்?

நான் இருப்பது கோவென்ட்ரியில். பக்கத்தில் நனீட்டன் ஊரை ஒட்டி ஆஸ்ட்லி என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஆஸ்ட்லி காசில் இருக்கிறது. பெயர்தான் கோட்டை, உள்ளபடி அது அகழி வெட்டி அரண் வைத்த ஒரு மேனர் ஹவுஸ், நிலக்கிழார் குடும்பத்து வீடு. கிரே குடும்பம் இருந்த இடம். 1553-ல் ஒன்பது நாள் மட்டும் ராணியாக இருந்த ஜேன் கிரேயின் அப்பா, மறு வருஷம் கலகத்தில் இறங்கித் தோற்று, இந்த எஸ்டேட்டில்தான் ஒளிந்திருந்து பிடிபட்டார், அப்புறம் தலை போயிற்று. பிற்காலத்தில் ஓட்டலாக மாறி, 1978-ல் தீப்பிடித்து, கூரை இல்லாமல் செடிகொடி மண்டி வருஷக்கணக்கில் கிடந்தது.

அதை எடுத்துச் சரிசெய்தது லேண்ட்மார்க் டிரஸ்ட். 1965-ல் ஜான் ஸ்மித்தும் அவர் மனைவியும் தொடங்கிய அறக்கட்டளை இது. விழப்போகிற பழைய கட்டடங்களை எடுத்துப் பழுதுபார்த்து, விடுமுறைக்குத் தங்க வாடகைக்கு விட்டு, அந்த வாடகையிலேயே பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வாரிசு வரி கட்ட முடியாமலும் வேலையாட்கள் கிடைக்காமலும் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இந்நாட்டுக்காரர்களே இடித்துத் தள்ளினார்கள் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஆஸ்ட்லியில் அவர்கள் எரிந்துபோன மாளிகையைத் திரும்பக் கட்டவில்லை. விதர்ஃபோர்ட் வாட்சன் மான் என்ற கட்டடக் கலைஞர்கள், இடிபாட்டுக்குள்ளேயே ஒரு புது வீட்டைச் செருகினார்கள். 2012-ல் திறந்தது, 2013-ல் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசை வாங்கியது. நண்பர் குடும்பத்தோடு சேர்ந்து அங்கே தங்கினோம். உள்ளே நுழைந்ததும் நான் போய் நின்றது ஒரு சுவரோரம். பழைய கல் எங்கெங்கே பிய்ந்து பல்லிளித்துக்கொண்டிருந்ததோ, அந்த விளிம்பை வெட்டிச் சீராக்காமல், அதன் போக்கிலேயே மெல்லிய புதுச் செங்கல்லை அடுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எது பழசு, எது புதுசு என்று ஐந்து வயதுப் பிள்ளைகூட விரல் வைத்துக் காட்டிவிடும். நல்ல புடவைக் கிழிசலில் போட்ட நேர்த்தியான ஒட்டு மாதிரி. படுக்கையறைகள் எல்லாம் கீழே. மாடி முழுவதும் ஒரே பெரிய கூடம், சமையலும் அங்கேதான், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஊர் தேவாலயம். ஒரு பகுதிக்குக் கூரையே போடவில்லை. நான்கு பக்கமும் உயர்ந்த பழைய சுவர், கண்ணாடி இல்லாத ஜன்னல் ஓட்டைகள், நடுவில் சாப்பாட்டு மேசை, மேலே வானம். அங்கே உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது தூறல் பிடித்து, தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் பிள்ளைகளுக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த விஷயம்.

இப்படிப் பழசைப் பழசாகவே விடுவதற்காக, எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-லேயே சண்டை போட்டிருக்கிறார். பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுசாக்குகிறோம் என்று சொல்லி அழிக்கிறார்களே என்று பொறுக்காமல், பழங்கட்டடங்களுக்கென ஒரு பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார். பழுதுபார், ஆனால் புதுசுக்குப் பழசு வேஷம் கட்டாதே என்பதுதான் அவர் வாதம். இந்த விவாதம் இங்கே இத்தனை காலமாக நடக்கும்போது, உங்கள் கட்டுரையில் குளியல்தொட்டிக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று, இதெல்லாம் கோடீஸ்வரர்களுக்கு மட்டும் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. மலிவு என்று சொல்ல மாட்டேன், கோடையில் வாடகை நன்றாகவே கடிக்கும். ஆனால் ஆஸ்ட்லியில் எட்டுப் பேர் தங்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து, பள்ளி விடுமுறை இல்லாத வாரநாளில் போனால், தலைக்குக் கணக்குப் போடும்போது சுமாரான ஓட்டலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பரிமாற ஆள் கிடையாது, நாமேதான் சமைக்க வேண்டும், அதனால் அரிசி பருப்பைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம். டிவி கிடையாது. அதற்குப் பதிலாக அந்த வீட்டின் வரலாற்றைத் தொகுத்த ஒரு ஆல்பம், அலமாரி நிறையப் புத்தகம், முன்பு தங்கியவர்கள் எழுதிவைத்த குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, கிசுகிசு படிப்பதைப்போல.

தங்க வசதிப்படாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்த டிரஸ்ட் தன் கட்டடங்கள் சிலவற்றைக் குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்கள் பார்க்க இலவசமாகத் திறந்துவிடுகிறது, தேதிகளை அவர்களே முன்கூட்டி அறிவிக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து இங்கே வரும் பெற்றோர் பலர் உங்கள் வாசகர்கள். அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது அந்தத் தேதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவென்ட்ரி