உமையாளுக்கு, உப்புத் தண்ணீரைப் பற்றி

சிவமயம்

காரைக்குடி,
15.3.2024

அன்பு மகள் உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஜெர்மனி வேலையில் ஆறு வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் குடிநீர்க் குழாய்களைச் சீர்செய்யப் போகிறேன் என்று நீ சொன்ன நாள் முதல் உன் ஆத்தா பிள்ளையார்பட்டிக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டாள். நான் போகவில்லை, பரணிலிருந்து என் பழைய குறிப்பேடுகளை இறக்கித் தூசி தட்டினேன். தொலைபேசியில் பேசினால் நீ என்னைத் தேற்றத் தொடங்கிவிடுகிறாய், விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தினிப்ரோ ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்த பெருங்குழாய் 2022 ஏப்ரலில் போரில் உடைந்ததும், போருக்கு முன் நாலரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த அந்தக் கப்பல்கட்டும் ஊரில் ஏறத்தாழ ஒரு மாதம் குழாய்கள் வறண்டு கிடந்தன. பிறகு கழுவவும் கழிப்பறைக்கும் ஆகட்டும் என்று தெற்கு பூக் ஆற்றுக் கழிமுகத்து உப்புத் தண்ணீரை அதே குழாய்களில் விட்டார்கள். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் இரண்டு ஆண்டுகளாக உள்ளே செய்துவரும் வேலைதான் இனி உன் வேலை.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்கு வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகத்தில் உன் அப்பச்சி பணிக்காலம் முழுவதும் துருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துக் கடற்கரைச் சோதனை நிலையத்திலிருந்து நான் கொண்டுவந்த வார்ப்பிரும்புக் குழாய்த் துண்டு உனக்கு நினைவிருக்கும். பார்வைக்கு முழுசாக, கறுப்பாக, கனமாகத் தெரிந்த அதைப் பேனாக்கத்தியால் சீவிக் காட்டியபோது பென்சில் சீவுவதுபோல் உதிர்ந்தது. நீ கை கொட்டிச் சிரித்தாய். உப்பு இரும்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு கரியை மட்டும் குழாயின் வடிவிலேயே விட்டுவைக்கிறது. ஆகவே அங்கே தோண்டிப் பார்க்கும்போது குழாய் நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதிவிடாதே. சுரண்டிப் பார்த்துவிட்டு எழுது.

இன்னொன்றையும் மறக்காதே. வெடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய குழாயின் நடுவே பளபளவென்று புது இரும்புத் துண்டை நேராக இணைத்தால், துருப் போர்வைக்குள் பதுங்கியிருக்கும் பழையதை விட்டுவிட்டு அரிப்பு புதியதைத்தான் முதலில் தின்னும். பிளாஸ்டிக் குழாய் கிடைத்தால் அதையே போடு. இல்லையென்றால் இணைப்பில் மின்கடத்தாத வாஷராவது வை. நல்ல தண்ணீர் திரும்பி வருகிற நாளும் ஆபத்தான நாள்தான், ஏனென்றால் தண்ணீரின் குணம் மாறியதும் உட்சுவரில் படிந்த துரு கிளம்பிச் செந்நிறமாகக் கொட்டும், மக்கள் மிரண்டுபோவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடைக்கோடி வால்வுகளைத் திறந்து அலசிவிடச் செய்.

1993-94இல், முற்றுகையில் கிடந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவில், பிரெட் கூனி என்ற அமெரிக்கப் பொறியாளர் விமானத்தின் வயிற்றுக்குள் அடங்கும் அளவில் சுத்திகரிப்புக் கருவிகளைச் செய்து கொண்டுபோய், குண்டுக்குத் தப்ப ஒரு சாலைச் சுரங்கத்துக்குள் நிறுத்தி, மில்யாட்ஸ்கா ஆற்றுத் தண்ணீரை ஊருக்குக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் உன் ஐயா, அதாவது தாத்தா, சொன்ன ரங்கூன் கதை அதைவிட ஆழமாக மனத்தில் தங்கியிருக்கிறது. 1941 டிசம்பரில் அங்கே குண்டு விழுந்ததும் துறைமுகத் தொழிலாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் உயிருக்குப் பயந்து வெளியேற, கடைகளும் வங்கிகளும் இருந்தும் ஊர் சில நாளில் நாறிவிட்டதாம். வட்டிக்கடைப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்த அவர், பெட்டியை விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். மிக்கோலாயிவில் அந்த ஆட்கள் போகவில்லை. குண்டு விழும்போதும் பம்பை ஓட்டியவர், எந்தத் தெருவில் எந்த வால்வு மண்ணுக்கடியில் இருக்கிறது என்பதை மனத்திலேயே வைத்திருப்பவர் அங்கே இருப்பார். வரைபடத்தை விரிப்பதற்கு முன் அவரோடு தேநீர் குடி. நீ ஆறு வாரத்தில் திரும்பிவிடுவாய். நீ போட்ட இணைப்பு ஒழுகினால் பனியில் குழிக்குள் இறங்கப்போவது அவர். அவருக்குப் பழக்கமில்லாத, அங்கே உதிரி பாகம் கிடைக்காத எதையும் மாட்டிவிட்டு வராதே. நம் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் பெயர் தெரியாமலேயே இருபது ஆண்டுகள் கடந்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சரி என்று சொல்லாத மண்ணில் மண்வெட்டியை வைக்காதே. இதில் உன் ஆத்தாவும் நானும் ஒரே கட்சி.

முதல் குழியைத் திறந்ததும் குழாயின் வயது, உலோகம், சுவர்த் தடிமன் மூன்றையும் எழுதி அனுப்பு. குறிப்பேட்டில் புதிய பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி