அண்ணா, அந்த டப்பாவைப் பத்தி

அண்ணா,

என் மாமியார் போனதுக்கு நீ அனுப்பிச்ச கைகூப்புற எமோஜி வந்துச்சு. இன்னைக்கு ஜனவரி 1. அவங்க இல்லாம முதல் தடவையா நானே ஹாப்பின் ஜான், அதான் அந்தப் புத்தாண்டுப் பயறு சோறு, ஏத்தியிருக்கேன்.

நேத்து சர்ச்சுல வாட்ச் நைட், வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை, முடிஞ்சு வீடு வரவே மணி ஒண்ணு, நல்லவேளை பயறை சாயங்காலமே ஊறப்போட்டுட்டேன். மத்த ஊர்ல ப்ளாக் ஐட் பீஸ் போடுவாங்க, நம்ம தென் கரோலினா செயின்ட் ஹெலினா தீவுல சின்ன செவப்புப் பயறுதான்னு அத்தை அழுத்திச் சொல்லுவாங்க, பார்க்க நம்மூரு செவப்புக் காராமணியேதான். வெங்காயம், தைம், புகைபோட்ட பன்னிக்கால் எல்லாம் போட்டு வேகவிட்டு, பயறு குழையறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியிலயே அரிசியப் போட்டு மூடிடணும். அப்புறம் கரண்டி போடவே கூடாது, எத்தன தடவ என் கையில தட்டியிருக்காங்க. கூட காலர்ட் கீரை, கார்ன்பிரெட். வருஷம் பூரா காசு சேரணும்னுதான் இதெல்லாம், பயறு சில்லறையாம், கீரை நோட்டாம், கார்ன்பிரெட் தங்கமாம்.

2022லயும் இப்படித்தான் சமைச்சாங்க. நீ நியூஜெர்சிலேர்ந்து வந்திருந்த. அன்னைக்கு சனிக்கிழமை. நீ சனிக்கிழமை கறி தொடமாட்டேன்னு எப்பவோ நான் சொன்னத ஞாபகம் வச்சிருந்து, உனக்காக புதுச் சட்டி வாங்கி, பன்னிக்கால் இல்லாம தனியா ஒரு ஹாப்பின் ஜான், கீரைல கூட வெறும் வினிகரும் மிளகாயும்தான். எழுபது வயசுல, முட்டிவலியோட, ரெண்டு ரெண்டா எல்லாம்.

போர்ச்சுல உன் பக்கத்துல உக்காந்து இந்த நாளப் பத்தி சொல்ல ஆரம்பிச்சாங்களே. அடிமைக்காலத்துல ஜனவரி 1தான் கறுப்பு ஆளுங்கள வருஷ வாடகைக்கு அனுப்புற நாள், விக்கிற நாள், தாய் ஒரு பக்கம் புள்ள ஒரு பக்கம்னு போவாங்களாம். அதே தேதியில 1863ல விடுதலை அறிவிப்ப இங்க பக்கத்துல போர்ட் ராயல்ல ஓக் மரத்தடியில வாசிச்சாங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க, நீ போனையே பார்த்துட்டிருந்த. அப்புறம் என்கிட்ட தமிழ்ல ஒண்ணு சொன்ன. சித்தப்பா வீட்ல இதைப் படிப்பாங்க, உன் பசங்களும் படிப்பாங்க, அதனால அந்த வார்த்தைய நான் எழுதல. ஆனா அத்தைக்குத் தமிழ் தெரியாதுன்னு நினைச்சியே, மூஞ்சி தெரியாதா?

உனக்கு வயிறு சரியில்லன்னு நான்தான் அவங்ககிட்ட பொய் சொன்னேன். வழியில பசிக்குமேன்னு டப்பால போட்டுக் குடுத்தாங்க. மறுநாள் காலைல அது போர்ச் கைப்பிடி மேலயே இருந்துச்சு. மறந்துட்டான் அத்தைன்னு இன்னொரு பொய். ஒண்ணும் சொல்லல, மிச்சமான ஹாப்பின் ஜானுக்கு மறுநாள் ஸ்கிப்பின் ஜென்னின்னு பேரு, அப்படி சொல்லிக்கிட்டே சுடவச்சு அவங்களே சாப்பிட்டாங்க. முழுசா.

அதுக்கப்புறம் உன் போனை நான் எடுக்கல. அப்பா தெவசத்துக்கும் வரல. அது தப்பு, மன்னிச்சுக்கோ, அப்பா உனக்கு மட்டும் அப்பா இல்ல, எனக்கும்தான், ஆனா வந்திருந்தா எல்லாரும் உக்காந்து சாப்பிடுறப்ப நீ பரிமாறுவ, நான் அந்த டப்பாவத்தான் நினைச்சிருப்பேன். சின்ன வயசுல எனக்கு ஜுரம்னா ரசஞ்சோறு பிசைஞ்சு ஊட்டினவன் நீ. அதனாலதான் இவ்ளோ கோவம். வேற யாராவது வச்சிட்டுப் போயிருந்தா எனக்கென்ன.

அவங்ககிட்ட கடைசி வரைக்கும் உண்மைய சொல்லல. ஆஸ்பத்திரில கூட "உன் அண்ணன் வயிறு இப்ப பரவால்லையா"ன்னு கேட்டாங்க. பரவால்லன்னேன்.

இனி உனக்காக யார்கிட்டயும் பொய் சொல்லமாட்டேன் அண்ணா, என் பொண்ணு உட்பட. அவ கேட்டா நடந்தத சொல்லிடுவேன்.

இன்னைக்கு வியாழக்கிழமை, ஒரு சட்டி போதும், ஆனா கை பாட்டுக்கு ரெண்டாவதையும் எடுத்து ஏத்திருச்சு. காலண்டர் பார்த்தேன், ஜனவரி 1 அடுத்து சனிக்கிழமை வர்றது 2028ல.