பெயர் கேட்க மறந்துபோன அக்காவுக்கு

போன சனிக்கிழமை மினசோட்டாவின் புரூக்ளின் பார்க்கில் எங்கள் பக்கத்து வீட்டுக் கென்யாக்காரருக்கு நினைவுக் கூட்டம். கென்யாவில் கிசி என்ற ஊரிலிருந்து வந்து, முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பனி கொட்டினால், விடிகாலையில் வந்ததும் எங்கள் வாசலையும் சேர்த்து வாரிவிட்டுத்தான் தூங்கப் போவார்.

பேச்செல்லாம் சுவாஹிலியில். விழித்துக்கொண்டு நின்ற என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னீர்களே அக்கா! உடலை ஊருக்கு அனுப்ப ‘ஹராம்பே’ என்று பணம் திரட்டினார்கள். எல்லாரும் சேர்ந்து இழுப்பது என்று விளக்கினீர்கள். அப்புறம், துக்கம் விசாரிக்க ‘போலே சானா’ என்று சொல்லிக்கொடுத்தீர்கள். இழவு வீட்டில் வாயடைத்து நிற்பது பெரிய கொடுமை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அவர் மனைவி என் கையை விடவே இல்லை.

ரொம்ப நன்றி அக்கா.