கூமுட்டைக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காந்தப்புலம் கருவைப் பாதிக்கும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு நாள் கழித்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். வீட்டுக்கு எதிரே டிரான்ஸ்பார்மர்; மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலமும் இருக்குமே என்று பயம். "மேடம், நான் பேசாம எங்கம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டபோது குரல் தழுதழுத்தது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காந்தப்புலத்தில் வைத்த கோழிக் கருக்கள் குறைபாட்டோடு வளர்ந்தன என்று நீங்கள் போட்டது பொய்யில்லை. 1982இல் மாட்ரிட்டில் ஹோசே டெல்கடோவும் குழுவினரும் அப்படித்தான் அறிவித்தார்கள். (மூளையில் மின்முனை பொருத்திய காளை பாய்ந்து வரும்போது, ரேடியோ அலையால் அதை நிறுத்திக் காட்டிய அதே டெல்கடோ.) கருவுற்ற முட்டைகளை முதல் 48 மணி நேரம் விட்டுவிட்டுத் துடிக்கும் காந்தப்புலத்தில் வைத்தார்கள். புலத்தின் அளவு வெறும் 1.2 மைக்ரோடெஸ்லாவாக (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இருந்தபோதே பாதிப்பு தெரிந்தது என்றார்கள். பூமியின் நிலையான காந்தப்புலமே நம் ஊரில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இவ்வளவு மெல்லிய புலமா கருவைக் கெடுக்கிறது என்று எல்லோரும் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

அந்த 48 மணி நேரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்பில் வருடா வருடம் முட்டை உடைத்திருக்கிறேன். வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் மஞ்சள் கருவை மெதுவாக இறக்கி, மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டத்தைச் சுற்றிக் கத்தரித்து, வாட்ச் கிளாஸில் ஏந்தி நுண்ணோக்கியில் வைப்போம். ஒன்றரை நாள் கருவில் இதயம் என்று சொல்லத்தக்க ஒரு சின்னக் குழாய், அப்போதுதான் துடிக்கத் தொடங்கியிருக்கும். முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் மூச்சு விடக்கூட மறந்து நிற்பார்கள். ஆனால் எந்தக் காந்தமும் பக்கத்தில் இல்லாத அந்த இன்குபேட்டரிலும் தட்டுக்குத் தட்டு சில முட்டைகள் கெட்டுத்தான் இருந்தன. சிலவற்றில் கருவே இருக்காது. சிலவற்றில் தலைப்பக்கம் மூடாமல் கிடக்கும்.

எங்கள் பாட்டிக்கும் இது தெரியும். பன்னிரண்டு முட்டை அடை வைத்து ஒன்பது பொரித்தால் சந்தோஷப்படுவார். மீதி மூன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்து, கலகலவென்று கேட்டால் கூமுட்டை என்று ஒதுக்குவார். இடி இடித்ததால்தான் கெட்டது என்பார். அதற்காக அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டும் போட்டு வைப்பார். இரும்பு போட்ட வருடமும் கூமுட்டை இருந்தது, போடாத வருடமும் இருந்தது.

அதனால்தான் ஆய்வில் காந்தப்புலம் படாத முட்டைகளையும் கூடவே வைத்து எண்ணுகிறார்கள். டெல்கடோவின் முடிவைச் சரிபார்க்க அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், ஸ்பெயின் நாடுகளைச் சேர்ந்த ஆறு ஆய்வகங்கள் ஒரே மாதிரிக் கருவிகளோடு இறங்கின. எல்லோருக்கும் 1 மைக்ரோடெஸ்லா, நொடிக்கு 100 துடிப்பு, 48 மணி நேரம். முடிவு 1990இல் வந்தது. இரண்டு ஆய்வகங்களில்தான் வேறுபாடு தெளிவாக இருந்தது. மற்ற நான்கிலும் அது தற்செயலா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆறையும் கூட்டிப் பார்த்தால் புலம் பட்ட முட்டைகளில் குறைபாடு கூடுதல்தான். இதை மறைக்க நான் சொல்லவில்லை. கோழிக் கருவில் ஏதோ நடந்திருக்கலாம். ஆனால் உங்கள் கட்டுரையில் 1982 இருக்கிறது, 1990 இல்லை.

சரி, பாலூட்டிகள்? உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட தொகுப்பின்படி, எலிகளையும் சுண்டெலிகளையும் 20 மில்லிடெஸ்லா (அதாவது 20,000 மைக்ரோடெஸ்லா) வரையான புலத்தில் வைத்துப் பார்த்தும் பெரிய பிறவிக் குறைபாடு எதுவும் கூடவில்லை. எலும்பில் சிறு மாற்றங்கள் சில ஆய்வுகளில் தெரிந்தன, அவ்வளவுதான். 20 மில்லிடெஸ்லா என்றால், நம் வீடுகளுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பொதுமக்கள் வரம்பாகச் சர்வதேச அளவில் பரிந்துரைக்கும் 200 மைக்ரோடெஸ்லாவைப் போல நூறு மடங்கு. டிரான்ஸ்பார்மரின் புலமோ சில அடி தள்ளினாலே வேகமாகக் குறைந்துவிடும். கம்ப்யூட்டர் திரை வந்த புதிதிலும் இதே பயம் இருந்தது. அமெரிக்கத் தொலைபேசி ஆபரேட்டர்களிடம் நடத்திய ஆய்வு 1991இல் வந்தது. திரை முன் வேலை செய்தவர்களில் கருச்சிதைவு 14.8 சதவீதம், செய்யாதவர்களில் 15.9 சதவீதம்.

கவலைப்பட வேண்டிய இடம், மின்சாரக் கேபிள்கள் ஓடும் கடலடி என்பேன். ஸ்காட்லாந்தில் 2.8 மில்லிடெஸ்லா புலத்தில் கருக்காலம் முழுக்க வைத்த சிங்கி இறால் முட்டைகளிலிருந்து சிறுத்த, உருக்குலைந்த குஞ்சுகள் கூடுதலாக வந்ததாக 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. கேபிளை மண்ணுக்குள் புதைத்தால் கடலடியில் வாழும் உயிர்களை எட்டும் புலம் குறையும். தமிழகக் கடலில் காற்றாலை நிறுவ மத்திய அரசு 2024இல் நிதிக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. அந்தக் கேபிள்களைப் பற்றி எழுதுங்கள், முதல் ஆளாகப் படிப்பேன்.

என் மாணவியிடம் அந்த 14.8, 15.9 கணக்கைத்தான் சொன்னேன். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். வளைகாப்பு வரை இங்கேயே இருக்கிறேன் என்றாள். அந்தக் கட்டுரையை வேறு எத்தனை கர்ப்பிணிகள் படித்தார்களோ, அவர்களுக்காக அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
திண்டுக்கல்.